வாளையாருக்கு இந்தப் பக்கம் ஆலை, அந்தப் பக்கம் தட்டுப்பாடு: 2021-இல் ஆக்சிஜன் எங்கே அடைத்துக்கொண்டது?

22 ஜூலை 2024, கொழிஞ்சாம்பாறை வாசகர் கேட்டது

மலப்புறத்துல நிபா வைரஸ்னதும், கேரள எல்லையில இருக்கிற வாளையார் செக்போஸ்ட்ல மறுபடியும் காய்ச்சல் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. அதைப் பார்த்ததும் பழைய கேள்விதான் வருது. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டு ஆலையில நாளைக்கு 150 டன் திரவ ஆக்சிஜன் ஆகுதுங்கிறாங்க. அங்கிருந்து கோயமுத்தூர் நாப்பது, அம்பது கிலோமீட்டர். அப்படி இருந்தும் 2021 மே மாசம் கோயமுத்தூர்ல ஆம்புலன்ஸ் வரிசையில நின்னுச்சு. அரசாங்கம் ஆலையைக் கையில எடுத்து வால்வைத் திறந்துவிட்டிருந்தா முடிஞ்சிருக்குமே? தனியார்கிட்ட எதுக்குங்க கெஞ்சணும்?

22 ஜூலை, இரவு

ஆலையின் அளவு நீங்கள் சொன்னதுதான். கஞ்சிக்கோட்டில் இனாக்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் ஆலை சுமார் 150 டன், கேரளம் முழுக்கச் சேர்த்தால் 219 டன். 2021 மே மாதம் முதல்வர் பினராயி விஜயன் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கணக்கு உண்டு. ஆனால் யாருக்கு எத்தனை டன் என்பதை அப்போது ஆலையும் முடிவு செய்யவில்லை, பாலக்காடு கலெக்டரும் முடிவு செய்யவில்லை. டெல்லியில் மத்திய அரசின் ஒதுக்கீட்டுக் குழு முடிவு செய்தது. தமிழ்நாட்டுக்கு 40 டன் அனுப்பச் சொன்னதும் அந்தக் குழுதான். இங்கேயே நோயாளிகள் ஏறுகிறார்கள், மே 10-க்கு மேல் வெளியே அனுப்ப முடியாது என்பதுதான் கேரளத்தின் கடிதம்.

தமிழ்நாடும் அதற்கு இரண்டு வாரம் முன்பே இதே மாதிரி எழுதியிருந்தது. ஏப்ரல் 25 அன்று எடப்பாடி பழனிசாமி எழுதிய கடிதத்தில், எங்களுக்கு ஒதுக்கியது 220 டன், தேவை 450 டன் வரை போகும், இந்த நிலையில் ஸ்ரீபெரும்புதூரில் ஆகும் திரவ ஆக்சிஜனை ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பியதை ரத்து செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். அதாவது நம் எல்லையிலும் ஆந்திர எல்லையிலும் ஒரே நேரத்தில் ஒரே வழக்கு. ஆலை ஒரு மாநிலத்தில், கட்டில் இன்னொரு மாநிலத்தில்.

இதில் தனியார் முரண்டு பிடித்ததாகச் சொல்ல இடமில்லை. உள்துறை அமைச்சகத்தின் ஏப்ரல் 22 உத்தரவு, ஆலை இருக்கும் மாநிலத்துக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று எந்த மாநிலமும் உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றது. ஏப்ரல் 25 உத்தரவு, திரவ ஆக்சிஜனை மருத்துவம் தவிர வேறு எதற்கும் தரக் கூடாது என்றது. தாள் அளவில் எல்லாம் திறந்துதான் இருந்தது. அடைத்த இடம் வேறு.

22 ஜூலை, பின்னிரவு

'கையில் எடுப்பது' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 65-இன் கீழ் இடம், பொருள், வண்டி எதையும் அரசு எடுத்துக்கொள்ளலாம். பிரிவு 66-இன் கீழ் அதற்கு இழப்பீடு தர வேண்டும். ஆகவே அதிகாரம் இருந்தது. ஆனால் ஆக்சிஜன் ஆலை, பூட்டை உடைத்துச் சாக்கு சாக்காக அள்ளும் கிட்டங்கி அல்ல. காற்றை அமுக்கி, ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கி, குளிரவைத்து, நைட்ரஜனையும் ஆர்கானையும் பிரித்து, −183 டிகிரியில் கொதிக்கும் திரவமாக ஆக்சிஜனை எடுக்கிறார்கள். பிரிக்கும் கோபுரம் முழுக்கச் சூடேறிவிட்டால் மறுபடி குளிரவைத்துத் தூய்மையான திரவம் வர நாள் கணக்கில் ஆகும். மின்சாரம் ஒரு முறை தட்டிப்போனாலே மணிக்கணக்கில் உற்பத்தி போச்சு. அந்தக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வேண்டியவர் அங்கேயே பல ஆண்டு வேலை செய்தவர்தான், வருவாய்த்துறை ஆள் அல்ல. அரசு அந்த ஆலைக்குச் செய்ய வேண்டியது மின்வெட்டு இல்லாமல் பார்ப்பது, ஊழியருக்கு ஊரடங்கில் பாஸ் தருவது, வண்டிகளை மறிக்காமல் விடுவது.

அரசு, தனியார் என்று இரண்டே கட்சியாகப் பிரிப்பதும் பொருந்தாது. சவறா கே.எம்.எம்.எல். கேரள அரசின் நிறுவனம். தன் டைட்டானியம் வேலைக்காகக் கட்டிய ஆலையிலிருந்து மிஞ்சிய திரவத்தை மருத்துவமனைகளுக்குக் கொடுத்தது. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினுக்காக வைத்திருந்த இஸ்ரோ வளாகமும் இரண்டு மாநிலத்துக்கும் கொடுத்தது. அம்பலமுகளில் பி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வேறு வழியும் எடுத்தது. பக்கத்தில் இருந்த தங்கள் பள்ளி வளாகத்தில் தற்காலிகச் சிகிச்சை மையம் போட இடம் கொடுத்து, ஆலையிலிருந்து நேராகக் குழாயில் இலவசமாக விட்டது. டேங்கரும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். 2021-இல் நடந்த கூட்டு வேலைகளில் மிகத் தெளிவாக யோசித்தது இது என்பது என் எண்ணம். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையிலும் செய்திருக்கலாம்.

23 ஜூலை, மீனாட்சிபுரம் வாசகர்

உத்தரவும் இருந்துச்சு, சரக்கும் இருந்துச்சு. நாப்பது கிலோமீட்டர் டேங்கர் போறதுல என்னங்க கஷ்டம்? ஒரு மணி நேரம்.

23 ஜூலை

ஓடுவது ஒரு மணி நேரம்தான். சுற்று முடியத்தான் அரை நாள்.

10 டன் டேங்கர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை வாசலில் காலி எடை போட வேண்டும். ஏற்ற ஒன்றரை, இரண்டு மணி. மறுபடி எடை. மருத்துவமனையில் இறக்க ஒன்றரை மணி. அதுவும் பெரிய தொட்டி இருந்தால்தான். பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளில் 1 கிலோலிட்டர், 3 கிலோலிட்டர் தொட்டிகள்தான். அப்போது ஒரே லோடை நாலு இடத்தில் பிரித்து இறக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் குழாய் அல்ல, உலோகக் குழாய். அது குளிர்ந்து திரவம் ஓடத் தொடங்கும் முன் கொஞ்சம் ஆவியாகியே போகும். நாலு இடம் என்றால் நாலு தடவை அந்த இழப்பு. ஒரு வண்டி நாளைக்கு இரண்டு சுற்று போனாலே நல்ல ஓட்டம். ஒடிசாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ சாலையில் வர வேண்டிய வண்டிக்கு ஒரு சுற்றே வாரக் கணக்கு. அதனால்தான் ரயில் வந்தது: மே 14-இல் துர்காப்பூரிலிருந்து 80 டன் சென்னை தண்டையார்பேட்டைக்கு, மே 16-இல் கலிங்கநகரிலிருந்து 118 டன் கொச்சி வல்லார்பாடத்துக்கு. அந்த ரயிலிலும் எல்லா டேங்கரும் ஏறாது. மேலே மின்கம்பி, பாலம் எல்லாம் இருப்பதால் 3,320 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்கும் வண்டியைத்தான் தட்டை வேகனில் ஏற்றினார்கள். விமானப்படை பறந்தது காலி டேங்கர்களோடு. நிரம்பிய டேங்கரை வானில் கொண்டுபோவது ஆபத்து.

நெருக்கடியில் மதிப்பு மிக்கது காலி டேங்கர்தான். எல்லையில் நிரம்பிய வண்டிக்குச் சைரனோடு வழிவிடுவார்கள், திரும்பி வரும் காலி வண்டியை ஓரம் கட்டி இ-பாஸ் கேட்பார்கள். காலி வண்டி இரண்டு மணி நின்றால் அடுத்த லோடு இரண்டு மணி தள்ளிப்போகும். பாதுகாப்பு இரண்டு திசைக்கும் வேண்டும்.

ஓட்டுநர் கணக்கும் உண்டு. அபாயகரச் சரக்கு ஓட்டத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான பதிவும் வேண்டும். வண்டி நிற்காமல் ஓட ஒரு வண்டிக்கு ஓட்டுநர் இரண்டு, மூன்று பேர். அவர்களுக்கு ஊரடங்கில் சோறு எங்கே, குளிக்க எங்கே என்பதை எந்த உத்தரவும் சொல்லவில்லை.

23 ஜூலை, மாலை

நைட்ரஜன் டேங்கரை மாற்றி ஓட்டியதைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

2021 ஏப்ரலில் நைட்ரஜன், ஆர்கான் டேங்கர்களை ஆக்சிஜனுக்கு மாற்ற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ அனுமதித்தது. பெயின்டை மாற்றி எழுதினால் போதாது. தொட்டியை முழுக்கக் காலி செய்து சாதாரண வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணெய், கிரீஸ் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் ஆக்சிஜனோடு சேர்ந்து தீப்பிடிக்கும். ஆகவே வால்வு, பம்ப், குழாய் எல்லாம் பிசுக்கு நீக்கிக் கழுவ வேண்டும், கேஸ்கெட்டுகளை ஆக்சிஜன் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும். உலர்ந்த வாயு விட்டு ஈரம் போக்கி, கொஞ்சம் ஆக்சிஜன் நிரப்பி, மாதிரி எடுத்துத் தூய்மை பார்த்து, அதன் பிறகே முழு லோடு.

பலரும் கவனிக்காமல் விட்டது எடை. திரவ நைட்ரஜன் லிட்டருக்கு 0.81 கிலோ, திரவ ஆக்சிஜன் 1.14 கிலோ. 20 கிலோலிட்டர் தொட்டியில் நைட்ரஜன் 16 டன்தான். அதே தொட்டியை ஆக்சிஜனால் நிரப்பினால் 22 டன்னைத் தாண்டும். அச்சும் பிரேக்கும் அந்த எடைக்கு ஆனவை அல்ல. ஆகவே குறைத்து நிரப்ப வேண்டும். 'இருபது கிலோலிட்டர் வண்டி நாலு கிடைத்தது' என்று கலெக்டர் அலுவலகப் பலகையில் எழுதினால், கைக்கு வருவது அதில் முக்கால் பங்குக்கும் குறைவு.

இணைப்பு வாய் இன்னொரு தொல்லை. ஒரு கம்பெனி டேங்கரின் குழாய் வாய் இன்னொரு கம்பெனி போட்ட தொட்டியில் பொருந்தாமல் போகலாம். சாதாரண நாளில் கம்பெனி தன் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் ஊற்றும், ஆகவே யாருக்கும் தெரியாது. நெருக்கடியில் யார் வண்டியோ யார் தொட்டிக்கோ வரும்போதுதான் வாசலில் நின்று அடாப்டர் தேடுவார்கள்.

24 ஜூலை, பொள்ளாச்சி வாசகர்

தொட்டியில ஆக்சிஜன் இருக்கு, ஆனா கடைசிக் கட்டிலுக்குப் பிரஷர் வரலன்னு அப்ப நிறையச் சொன்னாங்களே, அது பொய்யா மெய்யா?

24 ஜூலை

மெய். இது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1 டன் திரவம் சுமார் 750 கன மீட்டர் வாயு ஆகும். பெரிய டி-டைப் சிலிண்டரில் 7 கன மீட்டர். ஆக 1 டன் என்பது 107 சிலிண்டர். இனி 200 கட்டில் மருத்துவமனை ஒன்று, அதில் 40 ஐ.சி.யூ. என்று வைப்போம். 2021-இல் மத்திய சுகாதாரத்துறை வைத்த அளவு: ஐ.சி.யூ. கட்டிலுக்கு நிமிடத்துக்கு 24 லிட்டர், சாதாரண ஆக்சிஜன் கட்டிலில் பாதிப் பேருக்கு 10 லிட்டர். அப்படியானால் 960, அதோடு 800, மொத்தம் நிமிடத்துக்கு 1,760 லிட்டர். நாளொன்றுக்கு 2,534 கன மீட்டர், அதாவது 3.4 டன். மூக்கு வழியே வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி பத்து ஓடி, ஒவ்வொன்றும் 50 லிட்டர் இழுத்தால் இன்னும் 500 லிட்டர். நாளைக்கு ஏறக்குறைய 1 டன் கூடுதல்.

இப்போது தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் வேப்பரைசரைப் பாருங்கள். அலுமினியச் சிறகு வைத்த குழாய்கள், வெளிக்காற்றின் சூட்டில் திரவத்தை வாயுவாக்கும். 1,760 லிட்டர் என்றால் மணிக்கு 106 கன மீட்டர். மணிக்கு 100 கன மீட்டர் வேப்பரைசர் போட்டிருந்தால் ஏற்கெனவே அளவு தாண்டிவிட்டது. ஹை ஃப்ளோவையும் சேர்த்தால் 136. சிறகில் பனி ஏறும், பனி தடித்தால் சூடு உள்ளே போகாது, வாயு குறையும், அழுத்தம் இறங்கும். தொட்டி முள் பாதிக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் இரட்டை வேப்பரைசர் வைத்து ஆறு, எட்டு மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒன்றுதான் இருந்தால் தண்ணீர் பீய்ச்சிப் பனியைக் கரைக்க வேண்டும். மார்கழிக் குளிரைவிட மழைக்காலக் காற்றில்தான் பனி வேகமாகக் கட்டும், ஈரம் அதிகம் என்பதால்.

அதற்கு அடுத்தது செப்புக் குழாய். வார்டில் 4 பார் அழுத்தம் நிற்க வேண்டும். ஓட்டம் இரண்டு மடங்கானால் குழாயில் அழுத்த இழப்பு கிட்டத்தட்ட நாலு மடங்கு. பழைய கட்டடத்தில் பத்துக் கட்டிலுக்கு ஒன்றிரண்டு பேர் ஆக்சிஜனில் இருப்பார்கள் என்று போட்ட குழாயில் பத்துப் பேரையும் மாட்டினால், நம் கால்வாயில் கடைமடைக்கு நடப்பதுதான் கடைசிக் கட்டிலுக்கும் நடக்கும். அதிகம் தேவைப்படுகிறவரைத் தொட்டிக்கு அருகிலுள்ள வார்டுக்கு மாற்றுவது காசில்லாத திருத்தம். குழாயை வளையமாக்கி இரண்டு முனையிலிருந்தும் ஊட்டுவது ஒரு வாரத் திருத்தம். அதற்குப் பிளம்பர் போதாது. வெள்ளி கலந்த பற்றவைப்பு தெரிந்த மெடிக்கல் கேஸ் ஆட்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தனியார் நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். பொதுப்பணித்துறை டெண்டர் விட்டுக் காத்திருக்க முடியாது. ஆகவே முன்கூட்டியே விலை பேசிய ஒப்பந்தம் வேண்டும்.

24 ஜூலை, இரவு

மேலே சொன்ன மருத்துவமனையில் மாற்று ஏற்பாடாக 10 + 10 சிலிண்டர் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களை வரிசையாக ஒரே குழாயில் இணைக்கும் அமைப்பு, இருக்கிறது என்று வையுங்கள். 'இருபது சிலிண்டர் கையில் இருக்கு' என்றால் பெரிதாகத் தெரியும். 1,760 லிட்டர் ஓட்டத்தில் அது சுமார் 80 நிமிடம். நாலு நிமிடத்துக்கு ஒரு சிலிண்டர் தீரும். டேங்கர் இரண்டு மணி தாமதமானால் போதும்.

25 ஜூலை, ஆந்திர எல்லைப் புத்தூர்ப் பக்கத்து வாசகர்

எங்க பக்கம் அதுதான் நடந்தது. ரூயாவைப் பத்தி எழுதுங்க. ஸ்ரீபெரும்புதூர் எங்களுக்கு எத்தனை தூரம்? திருத்தணி, நகரி தாண்டினா வந்துடும்.

25 ஜூலை

திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் 2021 மே 10 இரவு 11 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய டேங்கர் நேரத்துக்கு வரவில்லை, சிலிண்டருக்கு மாற்றும் இடைவெளியில் அழுத்தம் இறங்கியது. மாவட்ட ஆட்சியர் அன்று சொன்னது ஐந்து நிமிட இடைவெளி. மேலே போட்ட கணக்கை இதோடு வைத்துப் படியுங்கள். ஐந்து நிமிடம் ஐ.சி.யூ.வில் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒதுக்கீட்டுத் தாளில் அந்த மருத்துவமனைக்குப் பங்கு இருந்தது. ஆலையும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் வேண்டியது ஒரே ஒரு ஏற்பாடு: வண்டி எங்கே இருக்கிறது என்பதை ஏற்றிய கம்பெனி, இரண்டு மாநிலப் போலீஸ், மருத்துவமனை கேஸ் ரூம் மூவரும் ஒரே திரையில் பார்ப்பது. வண்டி பின்தங்கினால் தொட்டி முள் இறங்கும் முன்பே மேனிஃபோல்டைத் திறந்து, பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளிலிருந்து சிலிண்டர் வாங்கி வரிசையில் நிறுத்தலாம். அப்போது பொதுத்துறையா தனியாரா என்று பார்க்க யாருக்கும் மனம் வராது. ஆனால் கடன் வாங்கிய சிலிண்டருக்குச் சீட்டு இருந்தால்தான் அடுத்த முறையும் கொடுப்பார்கள்.

26 ஜூலை

சிலிண்டர் பற்றி வந்த கேள்விகளுக்குச் சேர்த்து.

சிறிய நர்சிங் ஹோம்கள் தொட்டி வைத்திருப்பதில்லை. அவர்கள் நம்புவது நிரப்பும் நிலையத்தை. அங்கே டேங்கர் திரவம் இறக்கினால், பம்ப் வைத்து 150 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் அடைப்பார்கள். டி-டைப் 7 கன மீட்டர், பி-டைப் 1.5 கன மீட்டர். மருத்துவச் சிலிண்டர் உடல் கறுப்பு, தோள் வெள்ளை. தொழிற்சாலைச் சிலிண்டர் முழுக்கக் கறுப்பு. பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் மனமுவந்து கொடுத்த சிலிண்டர்களை அப்படியே நிரப்பி வார்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உள்ளே மிச்ச வாயுவை வெளியேற்ற வேண்டும், வெற்றிடமாக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், வால்வு பார்க்க வேண்டும், தண்ணீர் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் தேதி தாண்டியிருக்கிறதா என்று கழுத்து முத்திரையைப் படிக்க வேண்டும், தோளுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு அரை நாள் வேலை. ஆயிரம் சிலிண்டர் வந்துவிட்டது என்று செய்தி வந்த நாளுக்கும் அது நோயாளிக்குப் போன நாளுக்கும் இடையே உள்ள காலம் இதுதான்.

விலை. மருந்து விலை ஆணையம் 2020 செப்டம்பரில் உச்சவரம்பு வைத்தது: திரவமாக ஆலை வாசலில் கன மீட்டருக்கு ₹15.22, சிலிண்டரில் நிரப்பியதற்கு ₹25.71, வரி தனி. இதில் வண்டி வாடகை சேராது. அங்கேதான் விலை ஒழுகியது. 1 டன் திரவத்தின் ஆலை விலை சுமார் ₹11,400. எல்லை தாண்டி வரும் வாடகையை யார் நிர்ணயிப்பது என்று சொல்லாமல் விட்டால், ஏழு கன மீட்டர் சிலிண்டருக்கு ஒவ்வொரு இடைக்காரரும் தனக்குத் தோன்றியதைக் கேட்பார். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக இவ்வளவு என்று டன் கிலோமீட்டர் கணக்கில் வாடகையை இரண்டு மாவட்டமும் சேர்ந்து எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் அளவில் வரும் தகராறு. டேங்கர் எடையில் ஏற்றுகிறது, மருத்துவமனை கன மீட்டரில் பில் வாங்குகிறது, தொட்டி முள் வேறொன்று காட்டுகிறது. எடைச்சீட்டு ஒன்றையே மூலமாக வைத்து, டன்னுக்கு இத்தனை கன மீட்டர் என்று முன்பே எழுதிக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

26 ஜூலை, இரவு

ஒரு சிறு சேர்க்கை. வீணாவதை நிறுத்தினால் கிடைக்கும் ஆக்சிஜன் எந்த ஆலை கொடுப்பதையும்விட மலிவு. நோயாளி கழிப்பறைக்குப் போகும்போது முகமூடி கட்டிலில் கிடந்து நிமிடத்துக்கு 10 லிட்டர் ஊதிக்கொண்டிருக்கும். இரத்த ஆக்சிஜன் 92–96 போதும் என்று நெறிமுறை இருக்க, 99 காட்டும்வரை திறந்து வைப்பார்கள். ஷிப்டுக்கு ஒரு நர்ஸ் இதற்கென்றே ஒவ்வொரு ஃப்ளோமீட்டராகப் பார்த்து வந்தால் கண்ணெதிரே தொட்டி முள் இறங்கும் வேகம் குறையும்.

27 ஜூலை, கொழிஞ்சாம்பாறை வாசகர்

நல்லா விளங்குதுங்க. ஆனா தனியார் ஆஸ்பத்திரி பில்லைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. ஆக்சிஜன் வந்துச்சு, பணம் போச்சு.

27 ஜூலை

கேரள அரசு 2021 மே 10 உத்தரவில் தனியார் கோவிட் கட்டிலுக்கு நாள் கட்டணம் வைத்தது. தரச்சான்று இல்லாத மருத்துவமனையில் சாதாரண வார்டு ₹2,645, ஐ.சி.யூ. ₹7,800, வென்டிலேட்டரோடு ₹13,800. தரச்சான்று உள்ளவற்றில் கொஞ்சம் கூடுதல். உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகே இது வந்தது; கஞ்சிக்கு ஆயிரத்துக்கு மேல் போட்ட பில்லெல்லாம் அங்கே வாசிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மு.க. ஸ்டாலின் பதவியேற்ற மே 7 அன்று போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, தனியார் மருத்துவமனைக் கோவிட் சிகிச்சையை முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ப்பது.

இரண்டும் நல்லவை. இரண்டும் அவரவர் எல்லைக்குள் மட்டும் செல்லும். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இருக்கும் நமக்குப் பெரிய மருத்துவமனை என்றால் கோவைதான். வாளையாரைத் தாண்டிய ஆம்புலன்சுக்குக் கேரள விலைப்பட்டியல் பின்தொடர்ந்து வராது. ரேஷன் கார்டு இந்தப் பக்கம், கட்டில் அந்தப் பக்கம் என்று இருக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவர்களுக்கு எந்த மாநிலம் கட்டுகிறது என்பதை நோய் வரும் முன்பே எழுத வேண்டும். இதை யாரும் எழுதவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அதிக வருத்தம்.

தனியார் பக்கத்துக் குறையும் சொல்ல வேண்டும். அரசு ஒதுக்கி எடுத்த கட்டிலுக்கும் காப்பீட்டுக்கும் பணம் மாதக்கணக்கில் நின்றால், அடுத்த அலையில் 'கட்டில் இல்லை' என்ற பதில்தான் வரும். இரண்டு வாரத்தில் பாதித் தொகை, தணிக்கை முடிந்து மீதி என்று வைத்தால் சிறிய மருத்துவமனை மூச்சு விடும். ஐம்பது கட்டில்காரரிடம் ஆறு மாதச் சம்பளத்துக்குக் கையிருப்பு கிடையாது.

28 ஜூலை, மீனாட்சிபுரம் வாசகர்

இப்பத்தான் எல்லா ஆஸ்பத்திரிலயும் காற்றுலேர்ந்து ஆக்சிஜன் எடுக்கிற மெஷின் வெச்சுட்டாங்களே. இனி டேங்கர் எதுக்கு?

28 ஜூலை

பி.எஸ்.ஏ. யந்திரத்தைச் சொல்கிறீர்கள். பி.எம். கேர்ஸ் பணத்தில் மட்டும் நாடு முழுக்க 1,200-க்கு மேல் போட்டார்கள், நிறுவியதும் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். நல்ல துணை. ஆனால் டேங்கருக்கு மாற்று ஆகாது. நிமிடத்துக்கு 1,000 லிட்டர் யந்திரம் நாள் முழுக்க ஓடினால் சுமார் 1.9 டன். தூய்மை 93 சதவீதம் அளவு. மேலே சொன்ன 200 கட்டில் மருத்துவமனைக்குப் பாதிதான். கரண்ட் போனால் அதுவும் போகும், ஜெனரேட்டர் அதற்கென்று கணக்கிட்டு வைக்காத இடங்களில்.

உண்மையான ஆபத்து சும்மா கிடப்பது. உள்ளே இருக்கும் ஜியோலைட் மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்து ஆக்சிஜனை விடும். ஈரமும் கம்ப்ரசர் எண்ணெயும் உள்ளே போனால் மணிகள் கெடும், தூய்மை இறங்கும். வாரம் ஒரு முறையாவது சில மணி நேரம் ஓட்டி, தூய்மை மீட்டர் படித்து, வடிகால் தண்ணீர் விட்டு, ஃபில்டர் மாற்ற வேண்டும். வாரண்டி முடிந்த பிறகு பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு எந்தத் தலைப்பில் பணம் என்று தெரியாமல் பூட்டிக் கிடக்கும் யந்திரங்கள் அடுத்த முறை சுவிட்ச் போட்டால் ஓடாது. உங்கள் தாலுகா மருத்துவமனையில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: கடைசியாகத் தூய்மை படித்த தேதி என்ன, எத்தனை சதவீதம்.

28 ஜூலை, மாலை

இழை நிபாவில் தொடங்கியது, அதற்கும் ஒரு வார்த்தை. நிபாவில் டன் கணக்கு இல்லை, தகவல்தான் சரக்கு. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் அது பிடிபட்டதே ஒரு தனியார் மருத்துவமனையில்தான். ஒரே வீட்டில் இரண்டாவது ஆள் அதே மாதிரி வந்ததைப் பேபி மெமோரியல் டாக்டர்கள் சந்தேகித்து, மாதிரியை மணிப்பால் ஆய்வகத்துக்கு அனுப்பி, அரசுக்கும் சொன்னார்கள். அடுத்த நாட்களில் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்தது அரசு. மூளைக்காய்ச்சல் அறிகுறியோடு வரும் நோயாளியைத் தனியார் மருத்துவமனை 'வேறு இடம் போங்க' என்று எழுதி அனுப்பினால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். அனுப்பும் முன் மாவட்டக் கண்காணிப்பு அலுவலருக்கு ஒரு போன். நோயாளி வாளையாரைத் தாண்டப்போகிறார் என்றால் அந்தப் பக்கத்து அலுவலருக்கும் ஒரு போன். செக்போஸ்டில் நெற்றியில் சூடு பார்ப்பதைவிட அந்த இரண்டு போன்கள் அதிகம் பிடிக்கும். நிபாவுக்குக் கிருமி புகுந்து காய்ச்சல் வர நாலு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும்.

29 ஜூலை, பொள்ளாச்சி வாசகர்

சரிங்க, எழுதணும் எழுதணும்னு சொல்றீங்க. என்ன எழுதணும்? யார் கையெழுத்துப் போடணும்?

29 ஜூலை

நம் ஊருக்கு இது புதிது அல்ல. பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீருக்குத் தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று எண் இருக்கிறது, அளக்கும் இடம் இருக்கிறது, இரண்டு பக்க எஞ்சினியர்கள் உட்காரும் கூட்டு வாரியம் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் சண்டை வருகிறது, ஆனால் சண்டை போட ஓர் எண்ணாவது உண்டு. ஆக்சிஜனுக்கு நம்மிடம் அப்படி ஓர் எண் இல்லை. 2021-இல் 40 டன் என்பது டெல்லியிலிருந்து வந்து, சில நாள் இருந்து, போய்விட்டது.

கையெழுத்து நாலு தரப்பு: பாலக்காடு, கோவை மாவட்டப் பேரிடர் ஆணையங்கள், ஆலை, இரண்டு பக்கத்து மருத்துவமனைகளின் சங்கம். மாநிலச் சுகாதாரச் செயலர்கள் ஒப்புதல். உள்ளே இருக்க வேண்டியவை என நான் நினைப்பது இவ்வளவுதான். ஆலையின் அன்றைய உற்பத்தியில் இந்த இரண்டு மாவட்டத்துக்கும் குறைந்தபட்சப் பங்கு இத்தனை டன், டெல்லி ஒதுக்கீடு வந்தாலும் அதற்கு மேல்தான் கணக்கு. ஒரு மாவட்டத்தில் நோயாளிகள் இரட்டிப்பானால் பங்கு எப்படி நகரும் என்ற சூத்திரம், கட்டில் எண்ணிக்கையை வைத்து. தொலைபேசிப் பேச்சை வைத்து அல்ல. டேங்கர் எண்களும் ஓட்டுநர் பெயர்களும் முன்பதிவு, அந்த வண்டிகளுக்குக் காலியாகவும் நிரம்பியும் தடையில்லா அனுமதி. டன் கிலோமீட்டர் வாடகை. எடைச்சீட்டே அளவு. பதினைந்து நாளில் பாதிப் பணம், அதற்கான முன்பணம் கலெக்டர் கணக்கில். ஒவ்வொரு தொட்டிக்கும் இணைப்பு வாய் வகை, கொள்ளளவு, வேப்பரைசர் அளவு எழுதிய ஒரே பட்டியல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை நேரில் போய்ச் சரிபார்த்தது. எல்லை தாண்டும் நோயாளியின் பில்லை எந்தத் திட்டம் கட்டும் என்பது.

ஆண்டுக்கு ஒரு முறை உண்மையான லோடு ஒன்றை வேறு கம்பெனி வண்டியில் ஏற்றி, வாளையார் தாண்டி, அரசு மருத்துவமனைத் தொட்டி ஒன்றில் இறக்கிப் பார்க்க வேண்டும். மேசை ஒத்திகையில் அடாப்டர் எப்போதும் பொருந்தும்.

29 ஜூலை, மீனாட்சிபுரம் வாசகர்

அந்த அடாப்டர் யார் கையில இருக்கணுங்க?

29 ஜூலை

டேங்கரிலேயே. வகைக்கு ஒன்று, பிசுக்கு நீக்கி, பாலித்தீன் உறையில் முத்திரை போட்டு, ஓட்டுநர் பொறுப்பில். மருத்துவமனை ஸ்டோரில் வைத்தால் சாவி வைத்திருப்பவர் ஷிப்ட் முடிந்து போயிருப்பார். இன்னொரு செட் ஆலை வாசல் எடைமேடையில் இருக்கட்டும். உறை கிழிந்ததை அப்படியே மாட்டக் கூடாது, கழுவி உலர்த்தி ஆக்சிஜனுக்கு ஏற்றது என்று மறுபடி சீட்டு ஒட்டிய பிறகே.